வியூஃபைண்டருக்குள் ஒரு கறுப்பு நூல்

முதலில் அதைப் புற்றுமண் என்றுதான் நினைத்தேன்.

புளியங்குடியில் ஒரு கல்யாணம். மணப்பெண் கூரைப்புடவை மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்துகொண்டிருந்தாள். புதுக் கேமராவைக் கண்ணில் வைத்திருந்தேன். அவள் முகத்துக்குக் குறுக்கே மெல்லிய கறுப்பு நூல் ஒன்று, நுனி சுருண்டு, சாவகாசமாகக் கீழே இறங்கிப் போனது. பெண்ணின் தலைமுடியில் ஒன்று பறந்திருக்கும் என்று கேமராவை இறக்கிப் பார்த்தேன். மேடை வெளிச்சத்தில் அவள் முகம் சுத்தமாக இருந்தது. திரும்பக் கேமராவை எடுத்தேன். நூல் அங்கேயே, ஓரத்தில், எனக்காகக் காத்திருந்த மாதிரி மிதந்துகொண்டிருந்தது.

நான் சங்கரன்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிலுக்கு வந்தேன். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து என்று சுற்றுவட்டாரத்தில் ஏறாத மண்டபம் இல்லை. காலையில் குளித்து, அம்மன் சன்னதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துதான் கடையைத் திறப்பேன். அங்கே பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணைத் துளி எடுத்து நெற்றியில் வைத்து, துளி வாயில் போட்டுக்கொள்வேன். எங்கள் ஊரில் மேலுக்கு என்ன வந்தாலும் முதல் மருந்து அந்த மண்தான். அதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. அவரவர் உடம்பு, அவரவர் சாமி.

புதுக் கேமரா வாங்கியதற்குக் காரணம் என் கழுத்து. பழைய கேமராவில், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற எழுபது-இருநூறு லென்ஸை மாட்டினால் கைக்குழந்தை கனம் இருக்கும். அதைக் காலையிலிருந்து பந்தி முடிகிற வரை கழுத்தில் தொங்கவிட்டு எத்தனையோ வருடம் ஓட்டிவிட்டேன். ஒரு நாள் வலது கை விரல்கள் மரத்துப்போய், ஷட்டர் பட்டனை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கழுத்தில் பாரம் கூடாது என்றார். தொழிலே அதுதானே சார் என்றேன். அப்படியானால் லேசான பொருளாக வாங்குங்கள் என்று முடித்துவிட்டார்.

என்னோடு எல்லாக் கல்யாணத்துக்கும் வீடியோ எடுக்க வருகிறவர் ஒருவர் உண்டு. என் வயதுதான். வாய் சும்மா இருக்காது. அவர்தான் மிரர்லெஸ் கேமராவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார். பழைய கேமராவுக்குள் ஒரு சின்ன நிலைக்கண்ணாடி சாய்வாக நிற்கும். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வரும். படம் எடுக்கிற நொடியில் அந்தக் கண்ணாடி மேலே எழும்பி இறங்கும். 'டப்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தம்தான். புதுக் கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. அதனால்தான் கனமும் இல்லை, சத்தமும் இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டருக்குள் குட்டி டிவி மாதிரி ஒரு திரை இருக்கிறது. எதிரே இருப்பதன் படத்தை அது நமக்குக் காட்டும்.

எனக்கு அது உறுத்தியது. மதுரைக் கடையிலேயே சொன்னேன். பழையதில் நான் தீபத்தைப் பார்த்தால் அந்தத் தீபத்தின் வெளிச்சமே என் கண்ணுக்கு வந்து சேரும். இதில் தீபத்தின் படம்தான் வரும். சப்பரத்தில் அம்மன் வரும்போது இது வழியாகப் பார்த்தால் அது தரிசனக் கணக்கில் சேருமா?

"உம்ம கழுத்து ஒடிஞ்சு வீட்டுல கிடந்தா எந்தக் கணக்குல சேரும்?" என்றார் வீடியோக்காரர். "வாங்கும்வே பேசாம."

கடைக்காரர் என் பழைய லென்ஸ்களை எடுத்துக்கொண்டு புது லென்ஸ் தருவதாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று லென்ஸும் எனக்குக் கை மாதிரி. எது எந்த வெளிச்சத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கேமராவை மட்டும் மாற்றி, லென்ஸை வைத்துக்கொள்வதற்கு அடாப்டர் என்று ஒரு வளையம் இருக்கிறது. வளையல் அகலத்தில் கறுப்பாக இருக்கும். ஒரு பக்கம் புதுக் கேமராவோடு பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் பழைய லென்ஸை வாங்கிக்கொள்ளும். இரண்டு லென்ஸ் அதில் தானாகவே ஃபோகஸ் ஆனது. மூன்றாவது மிகப் பழையது, அதைக் கையால்தான் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது எது தெளிவாக இருக்கிறதோ அதன் ஓரமெல்லாம் திரையில் சிவப்புக் கோடு ஓடும். கண்ணிமை, உதடு, மூக்குத்தி என்று சிவப்பு ஊர்ந்து ஊர்ந்து போகும். முதல் நாள் என் மனைவியின் முகத்தில் அதைப் பார்த்தபோது சட்டென்று கேமராவை இறக்கிவிட்டேன்.

வாங்கி வந்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து வாங்கினேன். வீட்டில் மனைவி சந்தனம், குங்குமம் வைத்தாள். நான் புற்றுமண்ணைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன். மீதி மண்ணைக் காகிதத்தில் மடித்து, கேமராப் பையின் உள்ளறையில் செருகினேன். பழைய கேமராவுக்கும் இப்படித்தான் செய்தேன். என் ஸ்கூட்டருக்கும், கடைக் கல்லாவுக்கும் இப்படித்தான். எந்தக் கெடுதலும் வந்ததில்லை.

ஆனால் பழைய கேமராவில் லென்ஸைக் கழற்றினால் முன்னால் அந்தக் கண்ணாடி மறைத்து நிற்கும். புதியதில் கழற்றியதும் படம் பதிகிற சென்சார் அப்படியே திறந்து கிடக்கிறது. ஈரமாகப் பளபளக்கிற மாதிரி, இமை இல்லாத கண் மாதிரி. முதல் தடவை பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

புளியங்குடிக் கல்யாணத்துக்கு முந்தின நாள் பையைத் திறந்தபோது காகிதப் பொட்டலம் கிழிந்திருந்தது. அடாப்டர் வளையத்தின் உள்பக்கம் முழுக்கச் செம்மண் தூள். பதறிப்போய், தூசி ஊதுகிற ரப்பர் பந்தை எடுத்து ஊதினேன். மண் கடைத் தரையில் விழுந்தது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர்கள் செருப்புக்காலோடு அதன் மேல் நடந்து போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்கள் போன பிறகுதான் மண்ணைத் துடைத்து எடுத்துக் கால் படாத இடத்தில் போட்டேன்.

மறுநாள் நூல் வந்துவிட்டது.

அன்றைக்கு எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒன்றொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூல் எதிலும் இல்லை. வீடியோக்காரரிடம் சொன்னேன், மண் துகள் உள்ளே விழுந்து மிதக்கிறது, படம் எடுக்கிற நேரத்தில் ஒதுங்கிக்கொள்கிறது என்று. அவர் கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"மண்ணா இருந்தா படத்துல விழணும்லா. அதுக்கென்ன, ஒளிஞ்சு விளையாடுதாக்கும்?"

"நெளியுது வே. பாம்புக்குட்டி மாதிரி நெளியுது."

"அப்போ பால் வாங்கி ஊத்தும்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்கோயிலில் நாகர் யார், புற்று எது என்று தெரிந்தவன் அதற்குச் சிரிக்க மாட்டான். புற்றுமண்ணைக் காலில் மிதிபட விட்ட மறுநாள், பாம்பு மாதிரி ஒன்று என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. இதற்கு மேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்?

ஆனாலும் தொழில்காரன் புத்தி விடவில்லை. லென்ஸை மாற்றிப் பார்த்தேன். நூல் இருந்தது. அதே லென்ஸைப் பழைய கேமராவில் மாட்டிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. கேமராவில் இல்லை, லென்ஸில்தான் என்று முடிவு செய்து அடுத்த லென்ஸை மாட்டினேன். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. அடாப்டர் வழியாக எல்லாவற்றுக்குள்ளும் ஏறிவிட்டது என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூன்று லென்ஸுக்கும் இரண்டு கேமராவுக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று ஒரு தடவைகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திருநெல்வேலியில் கேமரா பழுது பார்க்கிற இடத்தில் கொடுத்தேன். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, சென்சார் சுத்தம், லென்ஸ் சுத்தம், பூஞ்சைகூட இல்லை, நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டி அனுப்பினார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் இருந்த பையைத் தொடவே எனக்குக் கை கூசியது.

பிறகு மின்னல் ஆரம்பித்தது. சாயங்கால வெளிச்சத்தில் கேமராவைக் கண்ணில் வைத்துத் திரும்பினால், வலது ஓரத்தில் பளிச்சென்று ஒரு கீற்று. வளைந்து, வெள்ளையாக, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். திரை பழுது என்று நினைத்தேன். ஒரு நாள் கடையின் வெள்ளைச் சுவரைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேமரா அலமாரியில் இருந்தது. சுவரில் அந்த நூல் இறங்கியது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் கூடியது. உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தேன். உப்பும் மிளகும் வாங்கிக் கோயிலில் போட்டேன். வெள்ளித் தகட்டில் நாகர் உரு வாங்கி உண்டியலில் சேர்த்தேன். மனைவியிடம் காரணம் சொல்லவில்லை, கழுத்து வலிக்கு என்றேன். சில நாளில் நூல் மங்கின மாதிரி இருந்தது. மின்னலும் குறைந்தது. அம்மன் கேட்டுவிட்டாள் என்று சன்னதியில் நின்று அழுதேன். அந்த நாட்களில் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது டாக்டர் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஆடி வந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை. கேமராவும் நானும் ஓய்ந்திருந்தோம். சுவாமியின் காட்சி வேண்டி அம்மன் தவம் இருக்கிற ஆடித்தபசு அன்றைக்கு மட்டும் வருடம் தவறாமல் படம் எடுப்பேன். அது யாருக்காகவும் இல்லை, எனக்காக. தெருவில் எள் விழ இடம் இருக்காது. அதனால் தெரிந்த ஒரு ஜவுளிக்கடையின் மாடி வராந்தாவில் கைப்பிடிச் சுவரை ஒட்டி எனக்கு ஓர் இடம் தருவார்கள்.

சாயங்காலம் அம்மன் தவக்கோலத்தில் வந்து நின்றாள். எதிரே சுவாமி காட்சி கொடுக்கிற நேரம். கீழே விவசாயிகள் பருத்தியையும் வத்தலையும் நெல்லையும் அள்ளிச் சப்பரத்தின் மேல் வீசிக்கொண்டிருந்தார்கள். கேமராவைக் கண்ணில் வைத்தேன். படத்தின் கீழ் மூலையில் கறுப்பாக ஒரு தலை மறைத்தது. சற்று நகர்ந்தேன். அந்தத் தலையும் நகர்ந்தது. இடது பக்கம் போனேன், கூடவே வந்தது. சுவாமி நெருங்க நெருங்க அந்தத் தலை மேலே எழும்பிக்கொண்டே வந்தது. பொறுக்க முடியாமல், முன்னால நிக்கவுக கொஞ்சம் குனிங்க, அம்மனை மறைக்கிய என்று சத்தமாகச் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரைக் குனியச் சொல்லுதிய அண்ணாச்சி? நமக்கு முன்னால கைப்பிடிச் சுவருதான் இருக்கு."

கேமராவை இறக்கினேன். இடது கண்ணை இடுக்கியபடியே பார்த்தேன், முன்னால் யாரும் இல்லை. ஆனால் தலை இருந்தது. தலை என்று நான் நினைத்த கறுப்பு, இப்போது கேமரா இல்லாமலேயே, கீழிருந்து பாதி உயரத்துக்கு ஏறி நின்றது. கலங்கல் தண்ணீர் மட்டம் ஏறுகிற மாதிரி, விளிம்பு லேசாக ஆடியது. அம்மனின் முகம் தெரிந்தது. அவள் பாதம் தெரியவில்லை. ஊரே கையைத் தூக்கிக் கும்பிட்டுச் சத்தமிட்டது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எடுக்கக் கையை நீட்டினேன், தம்ளர் கவிழ்ந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மண் சிந்தியது, செருப்புக்கால், நூல், மின்னல், விரதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் எழுந்து போய்ப் பையிலிருந்து கேமராவை எடுத்தாள். அன்றுவரை அவள் அதைத் தொட்டதில்லை. சாமி விளக்கைப் பார்த்துக் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"பளிச்சுனு இருக்கு. ஒண்ணும் நெளியல" என்றாள்.

கேமராவை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து, தன் உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள். அவள் முகம் முழுதாக, மஞ்சள் பூசிய கன்னம் வரை தெரிந்தது. பிறகு கையை எடுத்து இடது கண்ணைப் பொத்தினாள். நெற்றிக் குங்குமம் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே அவள் இல்லை.

நான் என்ன சொன்னேனோ, சாமி குத்தம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அம்மன் கோவப்பட்டுச் சொல்லுதான்னு இத்தன நாள் நினைச்சிய. டாக்டர்ட்ட போன்னு சொல்லுதான்னு ஒரு நாளாவது நினைச்சியளா?"

விடிந்ததும் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் கூசக் கூச உட்கார வைத்து, கடைசியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார் இருக்கிற மாதிரி கண்ணுக்குள் விழித்திரை என்று ஒன்று இருக்கிறதாம். என் வலது கண்ணில் அது கிழிந்து, நீர் புகுந்து, சுவரிலிருந்து காகிதம் உரிகிற மாதிரி உரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, கண்ணாடிப் பவர் அதிகம். அப்படிப்பட்ட கண்ணில் இது வரலாமாம். கேமராவின் கனத்தாலும் இல்லை, லேசாலும் இல்லை. எப்போதிலிருந்து என்று கேட்டார். மண் விழுந்ததிலிருந்து என்று சொல்லி, முழுக்கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"முதல்ல நூல் தெரிஞ்சப்பவே வந்திருந்தா லேசர்லயே முடிஞ்சிருக்கும்" என்றார். "இப்ப ஆபரேஷன் பண்ணணும். எவ்வளவு திரும்பக் கிடைக்கும்னு நான் வாக்கு தர முடியாது."

கண்ணுக்குள் வாயுவை நிரப்பி அனுப்பினார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் நாள் முழுக்கக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். சாப்பிடவும் குனிந்தபடி, சாமி கும்பிடவும் குனிந்தபடி. கழுத்துக்காகக் கேமராவை மாற்றியவன் கழுத்தைத் தொங்கவிட்டே கிடந்தேன். கட்டு அவிழ்த்த பிறகு அந்தக் கண்ணில் தெரிந்ததெல்லாம் ஒரு குமிழி. நான் அசைந்தால் அதுவும் அசையும். அது கரைந்து போன பிறகு மிச்சம் என்ன என்று தெரிந்தது. கதவு நிலை வளைந்து நிற்கிறது. ஆள் வருவது தெரிகிறது, யார் என்று தெரிவதில்லை. அவ்வளவுதான் திரும்பி வந்தது.

அதைவிடப் பெரிய செய்தியை டாக்டர் கடைசியில் சொன்னார். இடது கண்ணிலும் மெலிந்த இடங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி லேசர் வைத்தாயிற்று. ஆனால் புதிதாக எங்கே கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நூல் தெரிந்தாலும், மின்னல் தெரிந்தாலும், என்ன வேலையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு அன்றைக்கே வர வேண்டும். மறுநாள் என்று நினைக்கக் கூடாது.

கல்யாண போட்டோ எடுக்கிறவனிடம் மின்னல் தெரிந்தால் வா என்று சொன்னார். என் தொழிலே மின்னலுக்கு நடுவில்தான்.

வயல் அறுப்பு முடிந்து கல்யாணங்கள் திரும்பத் தொடங்கியபோது இடது கண்ணால் எடுக்கக் கற்றுக்கொண்டேன். லேசாகத் தோன்றும், ஆனால் அப்படி இல்லை. வலது கண்ணை வைத்தால் மூக்கு கேமராவுக்கு வெளியே போய்விடும். இடது கண்ணை வைத்தால் மூக்கு பின்பக்கத் திரையில் இடிக்கும். அந்தத் திரை தொட்டால் வேலை செய்கிற திரை. மூக்கு பட்ட இடத்துக்கு ஃபோகஸ் ஓடிவிடும். ஒரு நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த வாழைமரத்தைத் துல்லியமாக எடுத்து வைத்திருந்தேன். உம்ம மூக்கு எடுத்த படம் நல்லா வந்திருக்கு வே என்று வீடியோக்காரர் கடையில் வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். பிறகு அவரே உட்கார்ந்து மெனுவில் தேடி, தொடுதலை அணைத்து வைத்தார்.

ஒரு விஷயத்தில் அந்தக் கேமராவுக்கு நான் கடமைப்பட்டவன். முகத்தை அதுவே தேடிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பழைய லென்ஸிலும் அது வேலை செய்தது. கையால் திருப்புகிற மூன்றாவது லென்ஸைத்தான் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்தச் சிவப்புக் கோடு ஊர்வதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை.

ஆனால் நிம்மதி என்பது போய்விட்டது. மேடையில் யாருடைய மொபைல் ஃபிளாஷ் அடித்தாலும் கேமராவை இறக்கிவிடுவேன். அது வெளியே அடித்ததா, என் உள்ளே அடித்ததா? கண்ணை மூடிப் பார்ப்பேன். மூடிய கண்ணில் ஒன்றும் இல்லையென்றால் வெளிச்சம் வெளியே. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு முகூர்த்தமும் கழிந்தது. என் இடது கண் போய்விட்டால் கேமரா மட்டும் இல்லை. அம்மனை, மனைவியை, நான் கால் வைக்கிற படியை எதையும் பார்க்க வேறு கண் கிடையாது.

பனவடலிசத்திரத்தில் ஒரு கல்யாணம். மண்டபம் திருநெல்வேலி ரோட்டின் மேலேயே இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில் உட்கார்ந்துவிட்டார்கள். தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் தொட்டுக் கும்பிடக் கொண்டு போயிருந்தார்கள். நான் மாப்பிள்ளைக்கு எதிரே மண்டியிட்டு, இடம் பிடித்து, கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

இடது ஓரத்தில் வளைந்து ஒரு கீற்று.

கேமராவை இறக்கினேன். ஃபிளாஷ் அடிக்கிற ஆள் யாரும் அந்தப் பக்கம் இல்லை. கண்ணை மூடினேன். இருட்டுக்குள், அதே இடத்தில், அதே வளைவு. திறந்தேன். ஹோமப் புகைக்குப் பின்னால், கரும்புள்ளிகள் கொஞ்சம், யாரோ மிளகைத் தூவிய மாதிரி மெதுவாக விழுந்துகொண்டிருந்தன.

எழுந்து வீடியோக்காரரிடம் போய்க் கேமராவை அவர் கையில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மேடையைப் பார்த்தார்.

"தட்டு இந்தா வந்துரும். தாலி ஏறினதும் நானே வண்டியில கொண்டுபோய் விடுதேன் வே."

"இல்ல. நான் போறேன். வீடியோவை ஸ்டாண்டுல ஓட விட்டுட்டு நீரே எடும். முகத்தை அதுவே பிடிச்சுக்கிடும், நீரு அமுக்குனாப் போதும்."

மண்டப வாசலில், கடைசியாக வந்தவர்களை உள்ளே அழைத்தபடி பெண்ணின் அப்பா நின்றிருந்தார். தாலி கட்டுகிற நேரத்தில் போட்டோக்காரன் வெறுங்கையோடு வெளியே போவதைப் பார்த்துக் குறுக்கே வந்தார். அவர் கோபப்படவில்லை. அவருக்குப் பயம்.

"முகூர்த்த நேரத்துல எந்திரிச்சுப் போறியளே அண்ணாச்சி. எம்பிள்ளைக்கு இது நல்லதா?"

அவர் கேட்டது நியாயம். நானும் அப்படி நம்புகிறவன்தான். நிறைந்த சபையிலிருந்து, தாலி ஏறும் முன், நான் ஒரு கல்யாணத்திலும் எழுந்து போனதில்லை. அந்தப் பெண்ணுக்கு நாளைக்கு ஒரு சின்னக் கஷ்டம் வந்தாலும் இவர் என்னைத்தான் நினைப்பார். நானும் என்னைத்தான் நினைப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க பிள்ளை நல்லா இருப்பா. எனக்குக் கண்ணு போகுது அண்ணாச்சி. வழி விடுங்க."

அவர் விலகிக்கொண்டார். ரோட்டுக்கு வந்து நின்றபோது உள்ளே கெட்டிமேளம் கேட்டது. நான் பார்க்காமல் ஏறிய தாலி அது. பஸ் வந்தது, ஏறினேன்.

திருநெல்வேலி வரை வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்தேன். கம்பி நேராக இருக்கிறதா? கீழே கறுப்பு ஏறுகிறதா? பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒரு நூல் தொங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிழிகிற மாதிரி இருந்தது. அம்மனைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை காரணம் கேட்கவில்லை, குற்றம் என்ன என்றும் கேட்கவில்லை. டாக்டர் ஊரில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

அவர் இருந்தார். சொட்டு மருந்து விட்டு, தாடையை மேசைக் கருவியில் வைத்து, நெற்றியை ஒட்டி உட்காரச் சொன்னார். மேலே பாருங்கள், கீழே பாருங்கள், ஓரமாகப் பாருங்கள் என்றார். பிறகு ஒரே இடத்தில் வெளிச்சத்தை நிறுத்தி, திரும்பத் திரும்ப அங்கேயே வந்தார். வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. என் மூச்சு அந்தக் கருவியின் கம்பியில் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

"புதுசா ஒரு கிழிசல்" என்றார் கடைசியில். "இன்னும் உரிய ஆரம்பிக்கல. இப்பவே லேசர் வச்சிரலாம்."

பச்சை வெளிச்சம் ஒவ்வொன்றாகக் குத்தியது. ஒவ்வொரு குத்துக்கும் பின்மண்டை வரை வலித்தது. நான் அசையவில்லை. முடித்துவிட்டு அவர் கையுறையைக் கழற்றினார். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து, தாலி கட்டுவதற்கு முன்னால் எழுந்து வந்துவிட்டேன் என்று சொன்னேன்.

எழுந்து அறை விளக்கைப் போட்டார்.

"அடுத்த தடவையும் இப்படியே வாங்க" என்றார்.

அடுத்த தடவை எப்போது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.